பக்கத்து பெஞ்சுக்கு முதல் பரிசு

அழகர்கோவிலுக்குக் கிளம்புகிறவர்களுக்குப் பெரியவர்கள் சொல்லும் முதல் புத்திமதி சாமியைப் பற்றியதாக இருக்காது. குரங்கைப் பற்றியதாகத்தான் இருக்கும். பையைக் கெட்டியாகப் பிடி, பழத்தை வெளியே காட்டாதே! அடிவாரத்திலிருந்து பழமுதிர்சோலைக்கும், அதற்கு மேலே நூபுர கங்கைக்கும் ஏறுகிற பாதையில் நாட்டுக் குரங்குகள் வைத்ததுதான் சட்டம்.

கொஞ்ச நேரம் ஓரமாக நின்று வேடிக்கை பாருங்கள். ஒரு குரங்குக்கு வாழைப்பழம் கிடைத்துவிட்டது. சுற்றியிருக்கும் மற்ற குரங்குகளின் கண் எங்கே போகிறது? தன் முன்னால் கிடக்கும் பொரிகடலையை மறந்துவிட்டு, அந்தப் பழத்தின் மேல்தான் போகும். பழம் கிடைத்த குரங்குக்கும் இது தெரியும். நின்று நிதானமாகத் தின்னாது. கன்னத்துப் பையில் அடைத்துக்கொண்டு கிளைக்குத் தாவிவிடும். “பரவாயில்லையே, உனக்கு அடிச்சதுப்பா யோகம்” என்று பக்கத்துக் குரங்கு அதன் முதுகில் தட்டிக்கொடுத்ததை யாரும் பார்த்ததில்லை.

இதைச் சோதனையாகவே செய்து பார்த்தார்கள் சாரா பிராஸ்னன், பிரான்ஸ் டி வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள். 2003இல் ‘நேச்சர்’ இதழில் அவர்களுடைய கட்டுரை வந்தது. கப்புச்சின் என்ற தென் அமெரிக்கக் குரங்கு வகையில் இரண்டிரண்டாக எடுத்து, ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்தார்கள். கையில் கொடுத்த சிறு கல்லைத் திருப்பித் தந்தால் ஒரு துண்டு வெள்ளரிக்காய் கிடைக்கும். இரண்டுக்கும் வெள்ளரிக்காய் என்றால் ஒரு தகராறும் இல்லை. பிறகு, ஒன்றுக்கு மட்டும் வெள்ளரிக்குப் பதிலாகத் திராட்சை கொடுத்தார்கள். அவ்வளவுதான்! அதுவரை வெள்ளரியை ஆசையாகத் தின்ற மற்றக் குரங்கு பல தடவை அதை வாங்க மறுத்தது, சில சமயம் தூக்கி வெளியே எறிந்தது. வெள்ளரியின் ருசி குறைந்துவிடவில்லை. பக்கத்து வீட்டுக்குத் திராட்சை வந்துவிட்டது, அதுதான் குறை.

இந்தச் சோதனையை எல்லா விஞ்ஞானிகளும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. “அது பொறாமை இல்லை. திராட்சையைக் கண்ணில் பார்த்தபின் தனக்கும் வரும் என்று எதிர்பார்த்து ஏமாந்திருக்கலாம்” என்று வேறு சிலர் தாங்களும் செய்து பார்த்துச் சொன்னார்கள். அறிவியலில் இந்த மாதிரி மல்லுக்கட்டு நல்லதுதான். ஆனால் குரங்கை விட்டுவிட்டு நம் பக்கம் திரும்பினால் மல்லுக்கட்டே தேவையில்லை. உங்கள் வகுப்பில் பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு முதல் பரிசு என்று அறிவிக்கிறார்கள். நீங்களும் கை தட்டுகிறீர்கள். அப்போது வயிற்றுக்குள் லேசாக ஏதோ சுருக்கென்றதா இல்லையா? நேர்மையாகச் சொல்லுங்கள்.

ஜப்பானில் ஹிதேஹிகோ தகாஹாஷியும் அவருடன் இருந்தவர்களும் அந்தச் சுருக்கை மூளையில் தேடினார்கள். காந்த அதிர்வுக் கருவிக்குள் ஆட்களைப் படுக்க வைத்து, தங்களைவிடக் கெட்டிக்காரரான, தங்களைப் போலவே வாழ்கிற ஒருவரின் கதையைப் படிக்கச் சொன்னார்கள். மூளையின் முன்பகுதிக்குள் மடிந்து கிடக்கும் முன் சிங்குலேட் புறணி என்ற இடம் சுறுசுறுப்பானது. உடம்பில் வலிக்கும்போதும், கூட்டாளிகள் நம்மை விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்கும்போதும் வேலை செய்கிற இடம் அது. அந்தக் கெட்டிக்காரருக்கு ஒரு கஷ்டம் வந்தது என்று கதையை மாற்றியதும், மூளையில் பரிசு கிடைத்தால் துள்ளும் பகுதி துள்ளியது! 2009இல் ‘சயின்ஸ்’ இதழில் இது வெளியானது. அடுத்தவர் வழுக்கி விழுந்தால் சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறதே, அதற்கு மூளையில் ஒரு விலாசம் கிடைத்துவிட்டது.

நல்ல வேளையாக அதே ஆண்டு, அதே இதழில் இதற்கு நேர் எதிரான செய்தியும் வந்தது. இங்கிலாந்தில் டீன் மாப்ஸ் என்பவரின் குழு, சீட்டு விளையாட்டுப் போட்டி ஒன்றின் வீடியோவை ஆட்களுக்குக் காட்டியது. போட்டியாளர்களில் ஒருவர் இனிமையாகப் பேசுகிறவர், இன்னொருவர் எரிச்சல் மூட்டுகிறவர். இனிமையானவர் ஜெயித்தபோது, பார்த்துக்கொண்டிருந்தவரின் மூளையில் பரிசுப் பகுதி விழித்தது. பார்க்கிறவருக்கு அதில் ஒரு காசு லாபம் இல்லை. இருந்தாலும் தானே ஜெயித்தது போன்ற சந்தோஷம். அந்தப் போட்டியாளர் தன்னைப் போன்றவர் என்று தோன்றினால் சந்தோஷம் இன்னும் கூடியது.

ஆக, நம் தலைக்குள் இரண்டுமே இருக்கின்றன. எது எப்போது எழும்பும்?

அமெரிக்க உளவியலாளர் ஏபிரகாம் டெஸ்ஸர் இதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். இரண்டு விஷயத்தைப் பார்க்க வேண்டும். ஜெயித்தவர் நமக்கு எவ்வளவு நெருக்கம்? ஜெயித்த துறை நமக்கு எவ்வளவு முக்கியம்? உங்களுக்கு ஓட்டப்பந்தயம் உயிர். உங்கள் உயிர்த் தோழி ஓவியத்தில் பரிசு வாங்கினால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவீர்கள். அதே தோழி ஓட்டப்பந்தயத்தில் உங்களை முந்தினால்? எங்கேயோ டெல்லியில் ஒரு பெண் முந்தினால் வலிக்காது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவள் முந்தினால்தான் வலிக்கும். நெருக்கம் கூடக்கூடச் சந்தோஷம் கூட வேண்டும் என்றுதானே நினைப்போம். நம் துறையில் அது தலைகீழாகிவிடுகிறது.

இதை நிரூபிக்க அவரும் ஜோனதன் ஸ்மித்தும் 1980இல் ஒரு வார்த்தை விளையாட்டு வைத்தார்கள். ஒருவர் துப்புக் கொடுக்க வேண்டும், மற்றவர் வார்த்தையைக் கண்டுபிடிக்க வேண்டும். துப்புகளில் சுலபமானதும் உண்டு, கடினமானதும் உண்டு. “இது சும்மா விளையாட்டு” என்று சொன்னபோது நண்பனுக்குச் சுலபமான துப்பைக் கொடுத்தார்கள். “இது உங்கள் அறிவுத்திறமையைக் காட்டும் சோதனை” என்று சொன்னபோது, முன்பின் தெரியாதவருக்குக் கொடுத்ததைவிடக் கடினமான துப்பை நண்பனுக்குக் கொடுத்தார்கள்! எனக்கு இந்தச் சோதனையைப் படிக்கும்போதெல்லாம் கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் கூச்சமும் வரும். நோட்டை மறைத்து எழுதாத மாணவர் யார்?

இனி மறுபடி அழகர்மலைக்கு வருவோம். மலையின் இன்னொரு பக்கம் கிடாரிப்பட்டி என்ற ஊர். அங்கே மேலே ஏறினால் இயற்கையான பெரிய குகை. பாறையில் செதுக்கிய வழுவழுப்பான படுக்கைகள். குகையின் நெற்றியில் ஒரு நீண்ட காடி வெட்டியிருப்பார்கள். மழைத்தண்ணீர் பாறை வழியே உள்ளே வழிந்து வராமல் அந்த விளிம்போடு சொட்டி விழத்தான் அது. அதை ஒட்டி, ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முந்திய தமிழ் பிராமி எழுத்துகள். அங்கே தங்கியவர்கள் சமணத் துறவிகள். படுக்கை அமைக்க உதவியவர்களின் பெயர்கள்தான் கல்லில் இருக்கின்றன. மதுரைப் பொன் கொல்லர், உப்பு வணிகர், துணி விற்கும் அறுவை வணிகர், வெல்லப்பாகு விற்கும் பாணித வணிகர், கலப்பைக்குக் கொழு விற்கும் வணிகர் என்று ஒரு கடைத்தெருவே வரிசையாக நிற்கிறது. உப்புக்காரருக்குப் பொன் வேலைக்காரரின் பெயரைப் பார்த்து எரிந்ததா என்று கல் சொல்லவில்லை.

சமணர்களின் தத்துவார்த்த சூத்திரம் என்ற நூலில் நான்கு மனப்பழக்கங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. எல்லா உயிரிடமும் நட்பு, துன்பப்படுகிறவரிடம் இரக்கம், திருந்தவே மறுக்கிறவரிடம் கோபமில்லாத நடுநிலை, நான்காவதாகப் பிரமோதம் என்ற மகிழ்ச்சி. யாரிடம் பிரமோதம் வேண்டும் என்று கேட்டால், குணத்தில் உங்களைவிட மேலானவரிடம்! அதாவது, எங்கே வயிற்றில் சுருக்கென்று வருமோ, சரியாக அங்கேயே விரலை வைக்கிறது அந்த நூல்.

பௌத்தர்களிடமும் இதே நால்வர் குடும்பம் உண்டு. மைத்திரி என்ற நட்பு, கருணை, முதிதை, உபேட்சை என்ற நடுநிலை. அடுத்தவரின் நல்லது கண்டு மகிழும் பயிற்சிக்கு அவர்கள் வைத்த பெயர் முதிதை. அழகர்கோவிலே ஒரு காலத்தில் பௌத்தர்களின் இடமாக இருந்தது என்று ஆராய்ச்சியாளர் மயிலை சீனி. வேங்கடசாமி கருதினார். எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு அல்ல அது. ஆனால் பழைய மதுரைக்கும் பௌத்தத்துக்கும் உறவு இருந்தது என்பதற்கு மணிமேகலைக் காப்பியமே போதும். அதில் ஆபுத்திரன் கதை ஒன்று வருகிறது. எனக்குப் பிடித்த கதை.

ஆபுத்திரன் மதுரைக்கு வந்து, வீடு வீடாகப் பிச்சை எடுத்து, கண் தெரியாதவர், காது கேளாதவர், நடக்க முடியாதவர் எல்லோரையும் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு, மிச்சத்தைத் தான் உண்பான். ஒரு மழை இருட்டில் பசியோடு வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் அவன் தவித்தபோது, சிந்தாதேவி என்ற தெய்வம் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கொடுக்கிறது. அப்புறம் இந்திரன் வருகிறான். வரம் தருகிறேன் என்கிறான். ஆபுத்திரன் சிரித்துவிடுகிறான்: பசித்தவர் முகம் மலர்வதைக் காண்பதைவிட உன்னிடம் வேறென்ன இருக்கிறது? இந்திரனுக்குக் கோபம். என்ன பழி வாங்கினான் தெரியுமா? நன்றாக மழை பெய்ய வைத்தான்! நாடு செழித்தது. பசித்தவரே இல்லை. ஆபுத்திரனைத் தேடி ஒருவரும் வரவில்லை. அவன் சோர்ந்துபோய், பசித்தவர்களைத் தேடிக் கப்பலேறிப் போகிறான்.

நன்றாக யோசியுங்கள். எல்லோருக்கும் வயிறு நிறைந்திருக்கிறது. ஆபுத்திரனின் முகம்தான் வாடியிருக்கிறது. கருணையில் அவனுக்கு இணை இல்லை. ஆனால் கருணைக்குத் துன்பப்படுகிற ஓர் ஆள் தேவை. துன்பம் தீர்ந்தபின் அந்த ஆள் சந்தோஷமாகச் சுற்றுவதைப் பார்த்துச் சும்மா மகிழ்வது வேறு வேலை. கீழே விழுந்த நண்பனைத் தூக்கிவிடுகிற பிள்ளைகள் நிறையப் பேர். அவன் எழுந்து தங்களையே முந்திப்போகும்போது கை தட்டுகிறவர்கள் அத்தனை பேர் இல்லை.

ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கை அனுராதபுரத்தில் இருந்த புத்தகோசர் என்ற துறவி, விசுத்திமக்கம் என்ற பெரிய நூலில் இந்தப் பயிற்சியை வரிசைப்படுத்தி எழுதிவைத்தார். தண்டால் எடுக்கிறவர் முதல் நாளே நூறு எடுப்பதில்லை அல்லவா? அதுபோல் இதிலும் சுலபத்திலிருந்து தொடங்க வேண்டும். முதல் ஆள், மிகப் பிரியமான, எப்போதும் உற்சாகமாக இருக்கிற கூட்டாளி. எப்படிப்பட்டவர்? முதலில் சிரித்துவிட்டுப் பிறகுதான் பேசவே தொடங்குகிறவர். உங்கள் வகுப்பிலும் அப்படி ஒரு ஆள் இருப்பார், இப்போதே பெயர் ஞாபகம் வந்திருக்கும். அவருடைய சந்தோஷத்தை மனதில் கொண்டுவந்து, இது நீடிக்கட்டும் என்று நினைக்க வேண்டும். அந்த நண்பருக்கு இப்போது நேரம் சரியில்லையா? முன்பு அவர் சந்தோஷமாக இருந்ததையோ, இனி வரப்போகும் நல்லதையோ நினைக்கலாம். மனம் பழகியபின் பிரியமும் இல்லாத வெறுப்பும் இல்லாத ஒருவர். நீங்கள் தினம் ஏறும் பஸ்ஸின் கண்டக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாகத்தான் நமக்கு ஆகாதவர்.

டெஸ்ஸரின் கணக்கை இதோடு சேர்த்தால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் துறையில் இல்லாதவராகப் பாருங்கள். நீங்கள் கணக்கில் புலி என்றால், பாட்டில் கெட்டிக்காரரை எடுங்கள். அவர் மேடையில் பாடும்போது உங்களுக்குள் எழும் சந்தோஷம் உடம்பில் எங்கே தெரிகிறது என்று கவனியுங்கள். நெஞ்சிலா, முகத்திலா? அந்த உணர்வு நன்றாகப் பழகியபின் உங்கள் துறைக்காரரிடம் போகலாம். நடுவில் சுருக் வந்தால்? வரட்டும். அந்தச் சிங்குலேட் புறணி உங்களைக் கேட்டுக்கொண்டா வேலை செய்கிறது? “ஓ, வந்துவிட்டது” என்று பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். உங்களை நீங்களே திட்டிக்கொள்வது இந்தப் பயிற்சியில் எங்கேயும் கிடையாது.

இப்படி மனதைப் பழக்கினால் மூளை மாறுமா? ஜெர்மனியில் டானியா சிங்கர் என்ற விஞ்ஞானியின் குழு பெரியவர்களுக்கு ஒன்பது மாதம் மனப்பயிற்சிகள் கொடுத்து, நடுநடுவே மூளையைப் படமெடுத்தது. கவனத்துக்கு ஒரு பயிற்சி, இரக்கமும் நன்றியும் வளர்க்க ஒன்று, அடுத்தவர் கண்ணோட்டத்தைப் புரிந்துகொள்ள ஒன்று. ஒவ்வொரு பயிற்சிக்கும் மூளைப் புறணியின் வெவ்வேறு இடங்களில் தடிமன் மாறியதாக 2017இல் எழுதினார்கள். முதிதையை மட்டும் தனியாக எடுத்துச் செய்த ஆராய்ச்சி இல்லை அது. நடந்தது பெரியவர்களிடம், பிள்ளைகளிடம் அல்ல.

பிள்ளைகள் உடனே செய்து பார்க்கக்கூடியது ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளர் ஆராய்ந்த விஷயம். ஒருவர் நல்ல சேதியோடு ஓடி வந்தால் நாம் நான்கு விதமாகப் பதில் சொல்வோம் என்கிறார். உங்கள் தோழன் வந்து, “டேய், மாவட்டப் போட்டியில எனக்கு முதல் பரிசுடா!” என்கிறான் என்று வையுங்கள்.

“ம், நல்லது” என்று செல்போனைப் பார்த்துக்கொண்டே சொல்வது ஒரு விதம். “அப்ப இனிமே தினமும் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிக்கணுமே, பரீட்சைக்கு எப்படா படிப்ப?” என்பது இரண்டாவது, அக்கறை மாதிரி இருக்கும், ஆனால் காற்றைப் பிடுங்கிவிடும். “அது கெடக்கட்டும், எங்க வீட்ல புது சைக்கிள் வாங்கியாச்சு தெரியுமா?” மூன்றாவது. நான்காவது: “அட! கடைசி ரவுண்டுல யாருடா முன்னாடி இருந்தா? எந்த இடத்துல முந்துன? சொல்லு சொல்லு!”

கேபிளின் குழு ஜோடிகளை ஆராய்ந்து 2004இல் எழுதியதன்படி, இந்த நான்காவது பதில்தான் உறவைப் பலப்படுத்துவதோடு சேர்ந்து போகிறது. மற்ற மூன்றும் அப்படியில்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பதுகூடப் போதாது! காரணம் கஷ்டமானதில்லை. கேள்வி கேட்டதும் அவன் அந்த ஓட்டத்தை மறுபடி ஒருமுறை ஓடுகிறான். ஜெயித்தது ஒரு தடவை, சந்தோஷம் இரண்டு தடவை. இரண்டாவது தடவை நீங்களும் கூடவே ஓடுகிறீர்கள்.

கூடவே ஓடுவது என்பது வெறும் பேச்சில்லை, இதயத்தில் அளந்திருக்கிறார்கள். ஸ்பெயினில் சான் பெட்ரோ மான்ரீக்கே என்ற சின்ன ஊரில் ஆண்டுதோறும் ஜூன் 23 இரவு பூக்குழி இறங்குவார்கள். ஆமாம், நம் ஊர்ப் பூக்குழி மாதிரியேதான். இறங்குகிறவர்களுக்கும் பார்க்கிறவர்களுக்கும் இதயத்துடிப்பை அளக்கும் பட்டையைக் கட்டினார்கள் விஞ்ஞானிகள். நெருப்பில் நடப்பவரின் துடிப்பு ஏறி இறங்கிய அதே விதத்தில், சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அவருடைய உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஏறி இறங்கியது. வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரர்களுக்கு அப்படி நடக்கவில்லை. 2011இல் வெளியான ஆராய்ச்சி இது.

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மலையிலிருந்து புறப்பட்டு, மண்டகப்படி மண்டகப்படியாக நின்று மதுரைக்கு வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்றுமாவடியில் எதிர்சேவை. தங்கக் குதிரையில் அழகர் ஆற்றில் இறங்கும் காலையில் வைகைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தில் தோளில் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் ஒரு அப்பாவைத் தேடிப் பாருங்கள். அவருக்கு முன்னால் நிற்கிறவரின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. அண்ணாந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்து, “தெரியுதா? என்ன கலர் பட்டுடா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். “பச்சைப்பா!” என்றதும் அவர் முகத்தில் வருகிறதே, அதுதான் முதிதைக்கு மிகப் பக்கத்தில் இருப்பது. இந்த நால்வரையும் விளக்கும்போது புத்தகோசரும் ஒரு தாயைத்தான் காட்டுகிறார். கைக்குழந்தையிடம் மைத்திரி, நோயாளி மகனிடம் கருணை, இளமைத் துடிப்போடு இருக்கும் மகனிடம் முதிதை, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் மகனிடம் உபேட்சை.

பக்கத்தில் என்று சொன்னேன், அதேதான் என்று சொல்லவில்லை. ஏனென்றால் புத்தகோசர் ஒரு வில்லங்கத்தையும் எழுதியிருக்கிறார். முதிதைக்கு இரண்டு பகைவர்களாம். தூரத்துப் பகைவன், அடுத்தவர் நல்லதைப் பார்த்துப் பிடிக்காமல் போவது. இவனை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பக்கத்துப் பகைவன்தான் ஆள் மாறாட்டம் செய்கிறவன்: ‘என்னுடையது’ என்பதால் வருகிற சந்தோஷம். அலங்காநல்லூர் வாடிவாசலில் உங்கள் சித்தப்பாவின் காளை பிடிபடாமல் போனால் துள்ளிக் குதிக்கிறீர்கள். அது சித்தப்பாவுக்கான சந்தோஷமா, காளைக்கானதா, “எங்க மாடு” என்பதற்கானதா? கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. யாரோ ஊர் பேர் தெரியாதவரின் காளை, அதே போல் அழகாகத் திமிறிக்கொண்டு ஓடும்போது உங்கள் கை தட்டுகிறதா என்று பாருங்கள்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை. நோட்டில் ஒரு பக்கத்தை எடுத்து இரண்டாகக் கோடு போடுங்கள். இடது பக்கம், இன்று யாருக்கு என்ன நல்லது நடந்தது என்று தினம் ஒன்று எழுதுங்கள். தம்பிக்குப் பல் முளைத்தது, எதிர்வீட்டு அக்காவுக்கு வேலை கிடைத்தது, எதுவானாலும் சரி. வலது பக்கம், உங்களுக்குள் என்ன நடந்தது என்று ஒரே வார்த்தை: ‘குஷி’, ‘ஒன்றுமில்லை’, ‘சுருக்’. பொய் எழுதினால் சோதனை கெட்டுவிடும். ஆதலால் நோட்டை யாரிடமும் காட்ட வேண்டாம். முதல் வாரம் உங்கள் துறையில் இல்லாதவர்களை மட்டும் எழுதுங்கள். இரண்டாம் வாரத்திலிருந்து, உங்களோடு ஒரே போட்டியில் நிற்கிறவர்களையும் சேருங்கள். அவர்கள் பெயரை எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கும். எந்தத் தேதி வரை தயங்குகிறது என்று ஓரத்தில் குறித்துவையுங்கள்.